பிரிங், டேக்: படகுக்காரர் எந்தக் கரையில் நிற்கிறார்?

திருகோணமலை உப்புவெளியில் ஓட்டோ ஓடும் தம்பி ஒருவர் கேட்டது இது. அவர் எழுதியபடியே தருகிறேன்.

“சேர், போன கிழமை ஒரு வெள்ளைக்காரச் சோடி ‘கேன் யூ பிரிங் அஸ் டு த டெம்பிள்?’ என்று வாட்ஸ்அப்பில கேட்டது. நானும் அதையே பாடமாக்கிக்கொண்டு அடுத்த நாள் லண்டனில இருந்து வந்த ஒரு அம்மாவிட்ட ‘ஐ வில் பிரிங் யூ டு த டெம்பிள்’ எண்டு சொன்னன். அவா சிரிச்சுப்போட்டு ‘யூ மீன் டேக்’ எண்டா. அண்டைக்குப் பின்னேரம் அவாவின்ர தொப்பி ஓட்டோவுக்குள்ள விட்டுப்போச்சு. அதுக்கு அவாவே ‘ப்ளீஸ் பிரிங் மை ஹாட்’ எண்டு மெசேஜ் போட்டா. வெள்ளைக்காரரே ஆளுக்கொரு மாதிரிச் சொன்னா நான் எதைப் படிக்கிறது?”

தம்பி, அந்த அம்மா சொன்னது இரண்டும் சரி. கோயிலுக்கு டேக்தான், தொப்பிக்குப் பிரிங்தான். அந்தச் சோடி எழுதியதுதான் கொஞ்சம் சறுக்கல். அவர்கள் எந்த நாட்டவர் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விதி ஒரே வரிதான். தமிழில் உங்கள் வாயில் ‘கொண்டு வாறன்’ என்று வருகிற இடத்தில் பிரிங். ‘கொண்டு போறன்’ என்று வருகிற இடத்தில் டேக். ஆளென்றால் நாங்கள் ‘கூட்டிக்கொண்டு’ என்போம், வாகனமென்றால் ‘ஏத்திக்கொண்டு’ என்போம். ஆங்கிலத்துக்கு ஆளும் அரிசி மூட்டையும் ஒன்றுதான், இரண்டுக்கும் இதே இரண்டு சொல். வருவதைச் சொல்லும் ‘கம்’மின் கூட்டாளி பிரிங், போவதைச் சொல்லும் ‘கோ’வின் கூட்டாளி டேக்.

இதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அடுத்த நாள் கொப்பியில் பிழையாகவே வரும். காரணம் கண்டுபிடிக்க எனக்கே நாள் எடுத்தது. தமிழ் பேசும்போது ‘வா’வா ‘போ’வா என்று யாரும் யோசிப்பதில்லை, கால் நிற்கிற இடம் வாய்க்குத் தானாகத் தெரிகிறது. ஆங்கிலத்துக்கு மாறியதும் காலை மறந்துவிட்டு அகராதியைத் தேடுகிறோம். அகராதியில் டேக் என்றால் ‘எடு’ என்று போட்டிருக்கும். அந்த ‘எடு’ செய்கிற கூத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் கால் நிற்கிற இடத்தைப் பார்ப்போம்.

நிலாவெளிக் கரைக்கு நீங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்தானே. அங்கே புறாமலைக்குப் படகு விடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம், 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சின்னத் தீவு. காலை எட்டு மணி. படகு மணலில் பாதி, தண்ணீரில் பாதி. ஆறு பேர் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். படகுக்காரர் சொல்கிறார்: ‘ஐ வில் டேக் யூ டு த ஐலண்ட் அண்ட் பிரிங் யூ பேக்.’ இங்கிருந்து அங்கே போவதால் டேக். அங்கிருந்து இங்கே, இப்போது நிற்கிற இந்த மணலுக்கே திரும்பி வருவதால் பிரிங். அவரே தமிழில் சொன்னால் ‘கொண்டு போய்க் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டு வாறன்’ என்பார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

இரண்டு மணித்தியாலம் போகிறது. மீனும் பவளப் பாறையும் பார்த்து முடிந்தது, ஆறு பேரும் முதுகு சிவந்து தீவின் கரையில் இருக்கிறார்கள். இப்போது படகுக்காரர் கூப்பிடுகிறார்: ‘கம், ஐ வில் டேக் யூ பேக் டு த பீச்.’ காலையில் பிரிங் என்று சொன்ன அதே பயணம்தான். படகு அது, ஆட்கள் அவர்கள், போகிற கரையும் அதுவே. மாறியது அவருடைய கால் நிற்கிற இடம் மட்டும். இப்போது நிலாவெளி ‘அங்கே’ ஆகிவிட்டது, அதனால் டேக்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடிக்கிறது. கரையில் நிற்கும் வெள்ளைக்கார முகாமையாளர் ஒருவர், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று கேட்கிறார். படகுக்காரர் போனில் சொல்ல வேண்டியது ‘ஐ ஆம் பிரிங்கிங் சிக்ஸ் பீப்பிள்.’ பக்கத்தில் நிற்கிற ஆறு பேரிடம் அரை நிமிடத்துக்கு முதல் டேக் என்றவர், போனைக் காதில் வைத்ததும் பிரிங் என்கிறார். போகிற திசை மாறவில்லை, அவரும் இடம் மாறவில்லை. கேட்கிறவர் மாறிவிட்டார். கரையில் நிற்கிறவருக்கு அது வரவு. தமிழிலும் போனில் ‘ஆறு பேரைக் கொண்டு வாறன்’ என்றுதான் சொல்வோம், ‘கொண்டு போறன்’ என்றால் மறுபக்கத்தில் நிற்பவர் ‘எங்க கொண்டு போறீர்?’ என்று பதறுவார்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சின்ன இலக்கணப் புத்தகங்கள் பலவற்றில் ‘பேசுகிறவரை நோக்கி வந்தால் பிரிங்’ என்று மட்டும் போட்டிருக்கும். அது அரைவாசி. பேசுகிறவர் இருக்கிற இடம், கேட்கிறவர் இருக்கிற இடம், இரண்டுமே பிரிங்கின் வீடு. இரண்டு பேரும் இல்லாத மூன்றாவது இடம்தான் டேக்கின் வீடு. உங்கள் தொப்பிக் கதையும் இதுதான். தொப்பி உங்களிடம் இருக்கிறது, அம்மா ஹோட்டலில் இருக்கிறா. அவாவுக்கு அது தன்னிடம் வருகிறது, அதனால் ‘பிரிங் மை ஹாட்.’ நீங்கள் பதில் போடும்போதும் ‘ஐ வில் பிரிங் இட்’ என்றுதான் போட வேண்டும், கேட்கிற அவா அங்கே இருப்பதால். கோணேசர் கோயிலோ, நீங்களும் அவாவும் பேசிக்கொண்டு நின்ற உப்புவெளியில் இல்லை. கோட்டை வாசலுக்கு உள்ளே போய், மான்கள் படுத்திருக்கிற பாதை தாண்டி, மலை உச்சியில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது ‘அங்கே’. ஆகவே டேக்.

இந்தப் பேசுபவர்–கேட்பவர் கணக்கை ஆங்கிலத்துக்கு நுணுக்கமாகப் போட்டவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர். 1971 இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் இதைப் பற்றித் தொடர் விரிவுரையே செய்தார். வருவதும் போவதும், கொண்டு வருவதும் கொண்டு போவதும், யார் எப்போது எங்கே நின்றால் எந்தச் சொல் என்று அலசினார். படித்தபோது எனக்கு வந்த முதல் யோசனை, இது எங்களிடம் ஏற்கெனவே சூத்திரமாக இருக்கிறதே என்பதுதான். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், முதல் இயலான கிளவியாக்கத்தில், செல்வது, வருவது, தருவது, கொடுப்பது என்ற நான்கையும் ஒன்றாக நிறுத்திவிட்டு இப்படிச் சொல்கிறது:

‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீர் இடத்த.’

அடுத்த சூத்திரம் இன்னும் சிக்கனம்: ‘ஏனை இரண்டும் ஏனை இடத்த.’

அதாவது, ‘வா’வும் ‘தா’வும் நானும் நீயும் இருக்கிற இடத்துக்கு உரியவை. மற்ற இரண்டும், செல்வதும் கொடுப்பதும், மற்ற இடத்துக்கு, அதாவது அவன், அவள், அவர்கள் இருக்கிற படர்க்கைக்கு. தன்மை மட்டும் அல்ல, முன்னிலையும் சேர்த்து. சின்ன இலக்கணப் புத்தகம் விட்டுவிட்ட அந்த மற்ற அரைவாசி இங்கே இருக்கிறது.

பழைய நூலில்தானே என்று விட வேண்டாம், இது இன்றைக்கும் எங்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. ‘எனக்குத் தா’ என்போம். ‘உங்களுக்குப் பிறகு தாறன்’ என்போம். ஆனால் மூன்றாவது ஆளென்றால் ‘அவருக்குக் குடு’ என்றுதான் வரும். ‘அவருக்குத் தா’ என்று ஏவினால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். மலையாளத்தில் இந்த வேறுபாட்டை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். இதை நான் பிள்ளைகளுக்குச் சோதனையாகவே சொல்லிக் கொடுத்தேன். பொருள் போய்ச் சேருகிற ஆளுக்கு ‘தாறன்’ பொருந்தினால் பிரிங், ‘குடுக்கிறன்’ பொருந்தினால் டேக். ‘பிரிங் இட் டு மீ.’ ‘ஐ வில் பிரிங் இட் டு யூ.’ ‘டேக் இட் டு ஹிம்.’ ஆணி அடித்தது மாதிரி நிற்கும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சோதனை கைவிடும். மூன்றாவது இடம்தான், ஆனால் அங்கே நாங்களும் போய் நிற்கப் போகிறோம் என்றால்? கன்னியாவை எடுங்கள். டவுணில் இருந்து 8 கிலோமீற்றர் அளவில், ஏழு வெந்நீர்க் கிணறு. ஒரு குடும்பத்தை நாளைக்குக் காலையில் அங்கே ஏற்றிக்கொண்டு போகப் பேசியிருக்கிறீர்கள். குளிக்கலாம், துவாய் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ‘பிரிங் எ டவல்’ என்பதா, ‘டேக் எ டவல்’ என்பதா?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ‘பிரிங் எ டவல்’ என்றால் நானும் உங்களோடு வருகிறேன், கூடவே நிற்பேன் என்று அர்த்தம். ‘டேக் எ டவல்’ என்றால் நீங்கள் போங்கள், நான் வரவில்லை. தமிழில் போட்டுப் பாருங்கள்: ‘துவாய் கொண்டு வாங்கோ’, ‘துவாய் கொண்டு போங்கோ.’ முதலாவதில் நீங்கள் அந்தக் கிணற்றடியில் அவர்களோடு நிற்கிறீர்கள். இரண்டாவதில் வீட்டில் இருந்து கையசைக்கிறீர்கள். கன்னியா வாசலில் இறக்கிவிட்டு வேறு ஹயர் பார்க்கப் போகிற எண்ணத்தோடு ‘பிரிங் எ டவல்’ என்று அனுப்பினால், அவர்கள் உங்களைக் கூட வருகிற ஆளாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு சின்னச் சொல் அதைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்த இடங்களில் இது ஒன்று, தமிழிலும் அப்படியே இருப்பதால் இன்னும் பிடிக்கும்.

சரி, அந்த ‘எடு’.

எங்கள் ஊர் ஆங்கிலத்தில் ‘டேக் அண்ட் கம்’, ‘டேக் அண்ட் கோ’ என்று ஒரு சோடி இருக்கிறது. ‘அந்தக் குடையை எடுத்துக்கொண்டு வா’ என்பதை ‘டேக் தட் அம்ப்ரெல்லா அண்ட் கம்’ என்போம். தமிழரும் சொல்வார்கள், சிங்களவரும் சொல்வார்கள். ‘அரன் என்ன’, ‘அரன் யன்ன’ என்று சிங்களமும் எடுப்பதையும் வருவதையும் தனித்தனியாகத்தான் அடுக்குகிறது. எங்களுக்கு ஒரு வேலையை இரண்டு வினையாகப் பிரித்துச் சொல்வது இயல்பு: கொண்டு ஒன்று, வா ஒன்று. ஆங்கிலம் அந்த இரண்டையும் சேர்த்து முடிந்து ஒரே சொல்லாக வைத்திருக்கிறது. ஆகவே ‘டேக் அண்ட் கம்’ முழுவதுக்கும் ‘பிரிங்’ என்ற ஒரு சொல் போதும். ‘டேக் அண்ட் கோ’வுக்கு வெறும் ‘டேக்’ போதும். இங்கிருந்து போய், எடுத்து, திரும்பி வா என்று மூன்று வேலை சொல்ல ‘ஃபெட்ச்’ என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது.

டேக்குக்கு இந்த இரட்டை வேடம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு ‘நிமன்’ என்றுதான் சொன்னார்கள், இன்றைய ஜெர்மன் ‘நேமன்’ அதன் உறவு. ஸ்கண்டிநேவியாவில் இருந்து வைக்கிங்குகள் கடல் வழியாக வந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களுடைய ‘தக்க’ என்ற சொல்தான் மெல்ல மெல்ல நிமனைத் தள்ளிவிட்டு டேக் ஆகி உட்கார்ந்தது. முட்டைக்கு ‘எக்’, கத்திக்கு ‘நைஃப்’, ‘அவர்கள்’ என்பதற்கு ‘தே’, எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. துறைமுக ஊரில் இருக்கிற எங்களுக்கு இது புதுமையில்லை, அலுமாரியும் சாவியும் மேசையும் போர்த்துக்கேயரிடம் இருந்து எங்களிடம் எப்படி வந்தன என்று தெரியும்தானே. விஷயம் என்னவென்றால், டேக் பிறக்கும்போதே ‘எடு, பிடி’ என்ற பொருளோடு பிறந்தது. ‘கொண்டு போ’ என்ற திசை அதில் பிறகு ஏறியது. பிரிங்குக்கோ ஆதியில் இருந்தே ஓரிடத்தில் கொண்டு சேர்ப்பதுதான் தொழில். அதனால்தான் டேக் கண்ட இடமெல்லாம் வேலை செய்கிறது: குளிசைக்கும் டேக், படம் எடுக்கவும் டேக், பஸ்ஸில் போகவும் டேக், நேரம் எடுக்கவும் டேக். அங்கெல்லாம் பிரிங்கோடு அதற்குப் போட்டியே இல்லை. போட்டி வருவது, ஒரு பொருளோ ஆளோ ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்கு நகரும்போது மட்டும்.

‘எடு’ என்னையும் ஒருமுறை நன்றாக ஏமாற்றியது. நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு அலுவலரோடு வேலை விஷயமாகப் பேச வேண்டி இருந்தது. வீட்டில் போன் இல்லை, தபால் கந்தோருக்குப் பக்கத்துக் கடையில் காசு கொடுத்துப் பேசுகிற காலம். ‘நாலு மணிக்கு கோல் எடுக்கிறன்’ என்று மனதில் வைத்துக்கொண்டு அவரிடம் ‘ஐ வில் டேக் எ கோல் அட் ஃபோர்’ என்று அடித்துவிட்டேன். நாலு மணிக்கு எடுத்தேன், அடித்தது, ஆளில்லை. நாலரைக்கு, ஐந்துக்கு, ஒவ்வொரு முறையும் கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கு எழுதுகிறார். அடுத்த நாள் நேரில் கண்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: நாலு மணிக்கு உங்களுக்கு யாரோ கோல் எடுப்பார்கள், நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன், குழப்பக் கூடாது என்று கடற்கரைக்குப் போய்விட்டேன். ஆங்கிலத்தில் ‘டேக் எ கோல்’ என்றால் வருகிற அழைப்பை ஏற்பது. எங்கள் ‘கோல் எடுக்கிறது’ அதற்கு நேரெதிர். நீங்கள் வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘ஐ வில் கோல் யூ’ என்றே எழுதுங்கள், எடுக்கவும் வேண்டாம் கொடுக்கவும் வேண்டாம்.

இனி அந்தச் சோடி. என் ஊகம், அவர்கள் ஜெர்மன்காரர், அல்லது ஒல்லாந்தர். ஜெர்மன் மொழியில் ‘பிரிங்கன்’ என்று ஒரு சொல் இருக்கிறது, பிரிங்கோடு கூடப் பிறந்தது. ஆனால் அது வருவதற்கும் போவதற்கும் இரண்டுக்கும் பொருந்தும். வீட்டில் கொண்டு போய் விடுகிறேன் என்பதற்கும் அவர்கள் பிரிங்கன்தான் சொல்வார்கள். ஒல்லாந்தரின் ‘பிரெங்கன்’னும் அப்படியே. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பிரிங் அஸ் டு த டெம்பிள்’ என்று தானாக விழுந்துவிடும், நாங்கள் ‘டேக் அண்ட் கம்’ என்று விழுவது போல. அயர்லாந்துக்காரரும் இப்படிச் சொல்வார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடுவதையும் ‘பிரிங்’ என்பார்கள். அது அவர்கள் ஊர் ஆங்கிலம், பிழையென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அமெரிக்கர் சிலரிடமும் கேட்டிருக்கிறேன்.

ஸ்பானியர் மறுபக்கம். அவர்களுடைய மொழியில் ‘வா’ பேசுகிறவர் இடத்துக்கு மட்டும்தான், கேட்கிறவருக்குப் பங்கு இல்லை. கதவில் தட்டினால் நாங்கள் உள்ளே இருந்து ‘வாறன்’ என்போம், ஆங்கிலேயர் ‘கமிங்’ என்பார். ஸ்பானியர் ‘வோய்’ என்பார், அதாவது ‘போகிறேன்’. கொண்டு வருவதிலும் இதே கணக்கு. நாளைக்கு ஒரு ஸ்பானிய விருந்தாளி ‘வீ டேக் த மணி டு யூ டுமாரோ’ என்று எழுதினால் காசை எடுத்துக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்று பயப்படாதீர்கள். உங்களுக்குக் கொண்டு வந்து தரப் போகிறார்கள்.

இந்த விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கம் நிற்கின்றன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஐரோப்பாவின் பக்கத்து மொழிகள் சில விலகி நிற்க, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற நாங்கள் அதே ‘நானும் நீயும்’ கணக்கைப் பிடித்திருக்கிறோம். ஜெர்மன்காரர் யோசித்துப் படிக்க வேண்டியது உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது.

முழுக்கச் சும்மா இல்லை. ஒரு இடத்தில் எங்கள் ‘வா’ ஆங்கிலத்துக்குள் போகாது: விடைபெறும்போது. ‘போறன்’ என்று மொட்டையாகச் சொல்ல எங்களுக்கு வாய் வராது, ‘போயிட்டு வாறன்’ என்போம். சிங்களவரும் ‘கிஹின் என்னம்’ என்பார்கள். அதனால் இலங்கை ஆங்கிலத்தில் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்பது நாட்டுக்கே பொதுவான விடைபெறுகை. நானும் சொல்வேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வெளிநாட்டவரிடம் சொன்னால் அவர் நீங்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பி வரப் போகிறீர்கள் என்று நினைத்து வாசலிலேயே நிற்பார். அவர்களுக்கு ‘சீ யூ டுமாரோ’ போதும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஓட்டோ ஓடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிற பிழை. ‘கோயிலடியில கொண்டு போய் விடுறன்’ என்பதில் உள்ள அந்த ‘விடு’வை ‘லீவ்’ ஆக்கி ‘ஐ வில் லீவ் யூ அட் த டெம்பிள்’ என்கிறார்கள். அது தனியாக விட்டுவிட்டுப் போகிற விடுதல். வெயிலில், முன்பின் தெரியாத ஊரில், அந்த வசனம் ஒரு பெண்ணுக்கு இனிமையாகக் கேட்காது. ‘ஐ வில் டிராப் யூ’ என்றால் சரி, ‘டேக் யூ’ என்றால் இன்னும் சரி.

கதை சொல்லும்போது வருகிற ஒரு நெளிவும் இருக்கிறது, இரண்டு வரியில் முடிக்கிறேன். கொழும்புக்கு இரவு ரயில் ஏறிய நாளை ஆங்கிலத்தில் சொல்ல வந்தால், ‘மை ஃபாதர் டுக் மீ டு த ஸ்டேஷன்’ என்றும் சொல்லலாம், ‘பிராட் மீ’ என்றும் சொல்லலாம். டுக் என்றால் கேட்கிறவர் எங்கள் வீட்டு வாசலில் நின்று நாங்கள் போவதைப் பார்க்கிறார், பிராட் என்றால் அவர் மேடையில் நின்று நாங்கள் வருவதைப் பார்க்கிறார். சொல்கிறவர் எங்கே நிற்க வைக்க விரும்புகிறாரோ அங்கே. பரீட்சை எழுதாத உங்களுக்கு இது அவசியமில்லை.

‘பிரிங் அப்’, ‘டேக் ஆஃப்’ என்று வால் முளைத்த சொற்களில் இந்தத் திசைக் கணக்கைத் தேடாதீர்கள். பிள்ளை வளர்ப்பதும் ‘பிரிங் அப்’, சீனக்குடாவில் விமானம் எழும்புவதும் ‘டேக் ஆஃப்’. அவற்றைத் தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியதுதான். உங்களுக்குத் தினமும் தேவைப்படுவது ஒன்றுதான்: கோயில் வாசலில் ‘ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷூஸ்.’

இனி அடுத்த விருந்தாளிக்கு இதை அப்படியே அனுப்புங்கள்: ‘ஐ வில் கம் டு யுவர் ஹோட்டல் அட் ஃபோர், டேக் யூ டு த டெம்பிள் அண்ட் பிரிங் யூ பேக் பை செவன்.’ முதல் ‘கம்’, அவர்கள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போவதால். கோயில் மூன்றாவது இடம், டேக். திரும்புவது அவர்கள் மெசேஜ் வாசிக்கிற அதே ஹோட்டலுக்கு, பிரிங். மலையில் நின்று சாமி கும்பிட்டு முடிந்து, இருட்டுகிறது, கூப்பிட வேண்டும் என்றால் அப்போது ‘ஷால் ஐ டேக் யூ பேக்?’ என்று மாற்றுங்கள், கால் இப்போது மலையில். எதை விட்டாலும் மெசேஜில் அந்த ‘பேக்’கை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன காசு ஒருவழிக்கு மட்டும் என்று நினைத்துவிடுவார்கள்.